டி-யா, எல்-லா, ரிலே பெட்டியா: 100 வாட் நிலையத்துக்கு எந்த ஆன்டெனா ட்யூனர்?

ஹாம் ரேடியோவுக்கு (அமெச்சூர் வானொலி) ஆன்டெனா ட்யூனர் வாங்கப் போகிறவர் முதலில் கேட்பது, "எத்தனை ஓம் வரைக்கும் மேட்ச் பண்ணும்?" என்பதுதான். விளம்பரங்களிலும் அந்த எண்தான் பெரிதாக இருக்கும். ஆனால் அது இரண்டாவதாகக் கேட்க வேண்டிய கேள்வி. மேட்ச் ஆன பிறகு, ரேடியோவிலிருந்து கிளம்பிய 100 வாட்டில் எத்தனை வாட் கம்பி வரை போய்ச் சேர்கிறது என்பதுதான் முதல் கேள்வி. மேட்ச் சரி என்று மீட்டர் 1:1 காட்டிக்கொண்டிருக்கும்போதே பாதி பவர் பெட்டிக்குள் சூடாகிக் கரைய முடியும். எந்தச் சுற்றை, எந்தப் பாகங்களை வைத்து, எந்த இடத்தில் வைக்கிறோம் என்பதைப் பொறுத்து அந்தக் கணக்கு மாறும்.

ஒப்பீட்டுக்கு நம் ஊர்களில் சாதாரணமாகக் காணக்கூடிய ஒரு ஹாம் நிலையத்தை எடுத்துக்கொள்வோம். 100 வாட் டிரான்சீவர். மாடி வீடு. மொட்டை மாடித் தண்ணீர்த் தொட்டியிலிருந்து எதிர்மூலைக் கம்பம் வரை ஏறக்குறைய 20 மீட்டர் கம்பி. அங்கிருந்து கீழ் அறைக்கு இறங்க 30 மீட்டர் ஆர்ஜி-58 கோஆக்ஸ் கேபிள் (நடுவில் ஒரு கம்பி, அதைச் சுற்றி உலோக மேலுறை). 80 மீட்டரிலிருந்து 10 மீட்டர் அலைநீளம் வரை எல்லா பேண்டிலும் பேச ஆசை. அதாவது 3.5 மெகாஹெர்ட்ஸிலிருந்து 29.7 மெகாஹெர்ட்ஸ் வரை. ஒரே கம்பி இத்தனை அலைவரிசைகளுக்கும் ஒரே இம்பிடன்ஸ் (ஓமில் அளக்கும் மொத்தத் தடை) காட்டாது. ஒரு பேண்டில் 40 ஓம், இன்னொன்றில் 2500 ஓம், வேறொன்றில் 13 ஓமோடு 900 ஓம் ரியாக்டன்ஸும் (காயில், கண்டன்சர் போலப் பவரைத் தேக்கித் திருப்பும் தடை) சேர்ந்து நிற்கும். ரேடியோவுக்கோ 50 ஓம் வேண்டும். மேட்ச் எவ்வளவு விலகியிருக்கிறது என்பதைக் காட்டும் எண் எஸ்.டபிள்யூ.ஆர்.; 1 என்றால் கச்சிதமான மேட்ச். அது 2-க்கு மேல் போனால் இன்றைய டிரான்சிஸ்டர் ரேடியோக்கள் தாமாகவே பவரைக் குறைத்துக்கொள்ளும். இடையில் நின்று இந்த வித்தியாசத்தைச் சரிக்கட்டும் மாறக்கூடிய இம்பிடன்ஸ் சுற்றைத்தான் ட்யூனர் என்கிறோம்.

முதலில் ரேடியோவுக்குள்ளேயே இருக்கும் ட்யூனர். அதைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. உதாரணமாக, ஐகாம் ஐசி-7300-இல் உள்ளது 16.7 ஓம் முதல் 150 ஓம் வரை சமாளிக்கும், அதாவது எஸ்.டபிள்யூ.ஆர். 3 வரை. டைபோல் (நடுவில் கேபிள் சேரும் அரை அலைநீளக் கம்பி) சரியாக வெட்டப்பட்டு, பேண்டின் ஓரத்துக்குப் போகும்போது மட்டும் கொஞ்சம் விலகுகிறது என்றால் இதுவே போதும். தனிப் பெட்டிக்குச் செலவு செய்ய வேண்டாம். மேலே சொன்ன 20 மீட்டர் கம்பியை எல்லா பேண்டிலும் ஓட்ட இது போதாது.

கேபிள் தின்னும் பவர்

தனி ட்யூனருக்குப் போவதற்கு முன் கேபிளைப் பார்த்துவிட வேண்டும். பலர் தாண்டிப் போகும் இடம் இது. 7 மெகாஹெர்ட்ஸில் 30 மீட்டர் ஆர்ஜி-58, எல்லாம் சரியாக மேட்ச் ஆகியிருந்தாலே ஏறக்குறைய 1.15 டெசிபல் இழக்கும். 100 வாட் உள்ளே போனால் மேலே வருவது 77 வாட். ஆன்டெனா முனையில் எஸ்.டபிள்யூ.ஆர். 3 என்றால் அது 67 வாட்டாகும். அந்த வித்தியாசத்தை எதிர்முனையில் கேட்பவர் உணரவே மாட்டார். ஆனால் எஸ்.டபிள்யூ.ஆர். 10 என்றால் மேலே போய்ச் சேருவது 42 வாட்தான். இதே நேரம் அறையில் உள்ள மீட்டர் 10 காட்டாது, ஏறக்குறைய 4.4 காட்டும். திரும்பி வரும் அலையையும் வழியிலேயே கேபிள் தின்றுவிடுவதால் மீட்டருக்கு நிலைமை நல்லதாகத் தெரிகிறது.

இதைவிட மோசமானது, 40 மீட்டர் பேண்டுக்கு வெட்டிய டைபோலை அப்படியே 80-இல் ஓட்டுவது. நடுவில் ஏறக்குறைய 13 ஓம் ரெசிஸ்டன்ஸ், அதோடு 900 ஓம் கெபாசிட்டிவ் ரியாக்டன்ஸ். கோஆக்ஸ் கேபிளுக்கு அது 1200-ஐத் தாண்டிய எஸ்.டபிள்யூ.ஆர். கணக்குப் போட்டால் கேபிளில் மட்டும் 20 டெசிபல் போய்விடுகிறது. 100 வாட்டில் 1 வாட் கூட கம்பிக்குப் போகாது. ஆனால் அறைப் பக்கம் எஸ்.டபிள்யூ.ஆர். 11 அளவில்தான் தெரியும். கொஞ்சம் நல்ல ட்யூனர் அதைச் சுலபமாக 1:1 ஆக்கிவிடும். "என் ட்யூனர் எதையும் மேட்ச் பண்ணும்" என்று பெருமை பேசுபவரின் சிக்னல் பக்கத்து மாவட்டத்தில் கேட்காததற்குக் காரணம் பெரும்பாலும் இதுதான்.

ஆகவே எந்தச் சுற்று என்று முடிவு செய்யும் முன்பே ஒரு விஷயம் தெளிவாகிறது. எஸ்.டபிள்யூ.ஆர். அதிகமாக இருக்கும் ஆன்டெனா என்றால், ட்யூனர் கேபிளின் மேல் முனையில் இருக்க வேண்டும். அது முடியாதென்றால் கோஆக்ஸை விட்டுவிட்டு ஓபன் லைன் (இடைவெளி விட்டு ஓடும் இரட்டைக் கம்பி) இழுக்க வேண்டும். அறையில் உட்கார்ந்தபடி குமிழைத் திருப்புவது வசதிதான், அந்த வசதிக்கு வாட் கணக்கில் விலை கொடுக்கிறோம்.

டி சுற்று

கையால் திருப்பும் ட்யூனர்களில் உலகம் முழுக்க அதிகம் விற்றது டி வடிவச் சுற்று. தொடரில் இரண்டு வேரியபிள் கண்டன்சர், நடுவிலிருந்து தரைக்கு ஒரு காயில். அமெரிக்காவின் எம்எஃப்ஜே நிறுவனத்தின் 300 வாட் 949 மாடல் இதற்கு நல்ல உதாரணம். காயிலுக்கு 12 நிலைச் சுவிட்ச், இரண்டு பக்கமும் கண்டன்சர் குமிழ். அந்த நிறுவனம் 2024-இல் தன் தொழிற்சாலையில் உற்பத்தியை நிறுத்திவிட்டது. பழையவை கைமாறிக் கைமாறி இன்னும் வருகின்றன.

டி ஏன் இவ்வளவு பிரபலம் என்பதற்குக் காரணம் அதன் தரம் அல்ல, கண்டன்சர். ஒரு கணக்கைப் பார்த்தால் புரியும். 3.6 மெகாஹெர்ட்ஸில் 10 ஓம் லோடை, அதாவது ஆன்டெனா பக்கம் காட்டும் மதிப்பை, 50 ஓமுக்குக் கொண்டுவர வேண்டும். எல் வடிவச் சுற்றில் இதற்கு 0.88 மைக்ரோஹென்றி காயிலும் 1768 பிகோஃபாரட் கண்டன்சரும் வேண்டும். 1768 பிகோஃபாரட் ஏர் வேரியபிள் கண்டன்சரை, அதுவும் பவர் தாங்குகிற மாதிரி, எங்கே போய் வாங்குவது? டி சுற்றோ 200, 250 பிகோஃபாரட் கண்டன்சர்கள் இரண்டை வைத்தே இந்த வேலையை முடித்துவிடும். சின்னப் பெட்டி, குறைந்த விலை, எல்லா லோடும் மேட்ச். கடைக்காரருக்கு வேறென்ன வேண்டும்?

விலையைக் கொடுப்பது காயில். காயிலின் கியூ (எவ்வளவு அதிகமோ அவ்வளவு இழப்பு குறைவு) 100 என்று வைத்துக்கொள்வோம், சாதாரணப் பெட்டியில் இருக்கக்கூடிய அளவுதான். மேலே சொன்ன அதே 10 ஓம் லோடு. ஆன்டெனா பக்கக் கண்டன்சரை 100 பிகோஃபாரடில் வைத்து, மற்ற இரண்டையும் சரிசெய்து 1:1 கொண்டுவரலாம். அப்போது 100 வாட்டில் 41 வாட் காயிலிலேயே சூடாகிறது. அந்தக் கண்டன்சரை 250-க்குக் கொண்டுபோய் மறுபடி மேட்ச் செய்தால் இழப்பு 21 வாட். 500 கிடைத்தால் 11 வாட். மூன்று நிலையிலும் மீட்டர் அதே 1:1-ஐத்தான் காட்டும். எல் சுற்றில் இதே லோடுக்கு இதே கியூ உள்ள காயிலில் போவது 2 வாட்.

100 பிகோஃபாரட் நிலையில் நடுச்சந்தியில் உள்ள வோல்டேஜ் 1500 உச்சத்தைத் தொடும். 100 வாட்டுக்கே பெட்டிக்குள் டப் டப் என்று பொறி பறப்பது இதனால்தான். அப்படிப் பறந்தால் பெட்டி தரமற்றது என்று முடிவு கட்டுவதற்கு முன், கண்டன்சரை இன்னும் மூடி, காயிலைக் குறைத்து மேட்ச் கிடைக்கிறதா என்று பார்க்க வேண்டும். டி ட்யூனர் வைத்திருப்பவர் மனப்பாடம் செய்ய வேண்டியது இது ஒன்றுதான்: கண்டன்சர் எவ்வளவு அதிகமோ அவ்வளவு அதிகம், காயில் எவ்வளவு குறைவோ அவ்வளவு குறைவு. அப்புறம் கையால் தொட்டுப் பார்க்கலாம். ரெண்டு நிமிஷம் டியூன் கேரியர் கொடுத்துவிட்டு, டிரான்ஸ்மிட்டை நிறுத்தி, மூடியைத் திறந்து காயிலைத் தொட்டால் மீட்டர் சொல்லாததை அது சொல்லும்.

டி-க்கு நியாயம் செய்ய வேண்டுமானால், லோடு 50 ஓமுக்கு மேலே, 500, 1000, 2000 என்று இருக்கும்போது இந்தப் பிரச்சினை பெரிதாக இல்லை. அப்போது ஆன்டெனா பக்கக் கண்டன்சர் ஏறக்குறைய நேர்ப்பாதை மாதிரி ஆகி, சுற்று எல் போலவே நடந்துகொள்ளும். சிக்கல் 80 மீட்டரில், குறைந்த ஓம் லோடில். அதோடு டி ஒரு ஹைபாஸ் சுற்று, உயர்ந்த அலைவரிசைகளை விட்டுவிடும். ரேடியோவிலிருந்து வரும் ஹார்மோனிக்குகளை (நம் அலைவரிசையின் மடங்குகளில் வரும் வேண்டாத சிக்னல்களை) அது தடுக்காது. இன்றைய ரேடியோக்களுக்குள்ளேயே நல்ல ஃபில்டர் இருப்பதால் அதைப் பெரிய குறையாக நான் எடுத்துக்கொள்ள மாட்டேன். வீட்டில் கட்டிய டிரான்ஸ்மிட்டர் என்றால் யோசிக்க வேண்டும்.

எல் சுற்று

எல்-லில் இரண்டே பாகம். தொடரில் ஒரு காயில், குறுக்கே ஒரு கண்டன்சர். லோடு 50 ஓமுக்கு மேலே இருந்தால் கண்டன்சர் ஆன்டெனா பக்கம், கீழே இருந்தால் ரேடியோ பக்கம். இரண்டு பாகம் மட்டும் என்பதால் ஒரு லோடுக்கு, இந்த லோ-பாஸ் (தாழ்ந்த அலைவரிசைகளை விடும்) வடிவில், பெரும்பாலும் ஒரே ஒரு நிலையில்தான் மேட்ச் கிடைக்கும். தப்பான 1:1-இல் போய் உட்கார வழியே இல்லை. எனக்கு எல் பிடிக்க முதல் காரணம் இதுதான்.

கணக்கும் எளிது. பெரிய ரெசிஸ்டன்ஸைச் சிறியதால் வகுத்து, ஒன்றைக் கழித்து, வர்க்கமூலம் எடுத்தால் சுற்றின் கியூ. இது காயிலின் கியூ அல்ல; இதைக் காயிலின் கியூவால் வகுத்தால் இழப்பின் பங்கு கிடைக்கும். 200 ஓம் லோடு என்றால் 4 கழித்தல் 1, அதன் வர்க்கமூலம் 1.73. காயிலின் ரியாக்டன்ஸ் 50-ஐ 1.73-ஆல் பெருக்கினால் 86.6 ஓம். கண்டன்சரின் ரியாக்டன்ஸ் 200-ஐ 1.73-ஆல் வகுத்தால் 115.5 ஓம். 7.1 மெகாஹெர்ட்ஸில் அது 1.94 மைக்ரோஹென்றி, 194 பிகோஃபாரட். காயிலின் கியூ 150 என்றால் இழப்பு சுமார் 1 வாட்தான்.

இப்போது அரை அலைநீளக் கம்பியின் முனைக்கு வருவோம். நம் 20 மீட்டர் கம்பி 40 மீட்டர் பேண்டில் அப்படித்தான் நடந்துகொள்ளும். முனையில் 2450 ஓம் என்று வைத்தால் கியூ 6.93. காயில் 7.8 மைக்ரோஹென்றி, கண்டன்சர் 63 பிகோஃபாரட். இழப்பு 5 வாட்டுக்குள். கண்டன்சரின் மேல் 100 வாட்டில் நிற்கும் வோல்டேஜ் 700 உச்சம். கண்டன்சரின் அளவு சின்னது, தாங்க வேண்டிய வோல்டேஜ் பெரிது. 80 மீட்டர் பேண்டில், 10 ஓம் பக்கத்தில், நிலைமை தலைகீழ்: கண்டன்சர் 1768 பிகோஃபாரட், வோல்டேஜ் 100 உச்சம்தான், காயில் வழியாக ஓடும் கரண்ட் 3 ஆம்பியருக்கு மேல். ஒரே பெட்டி இரண்டுக்கும் தாக்குப்பிடிக்க வேண்டும் என்பதுதான் எல் கட்டுபவரின் தலைவலி.

கையால் திருப்பும் எல் கட்ட என்னென்ன கிடைக்கும்? பழைய வால்வ் ரேடியோவின் கேங் கண்டன்சர் (ஒரே தண்டில் சேர்ந்து திரும்பும் இரண்டு வேரியபிள்) இன்னும் கிடைக்கிறது. சென்னை ரிச்சி தெருவில் பொறுமையாகத் தேடினால், தூசி படிந்த அட்டைப் பெட்டிக்குள்ளிருந்து கடைக்காரர் எடுத்துத் தருவார். இரண்டு செக்‌ஷனையும் இணைத்தால் ஆயிரம் பிகோஃபாரடை நெருங்கும். தகடுகளுக்கு இடையே இடைவெளி குறைவு என்பதால் 700 வோல்ட்டுக்கு நம்பக் கூடாது. 80 மீட்டரின் தாழ்ந்த ஓம் லோடுக்கு, பக்கத்தில் சில்வர் மைக்கா கண்டன்சர்களைச் சுவிட்ச் மூலம் சேர்த்துக்கொண்டால் அருமையாக வேலை செய்யும். டிரான்சிஸ்டர் ரேடியோவின் பிவிசி கேங் (பிளாஸ்டிக் வகைச் சின்ன கேங் கண்டன்சர்) 5 வாட், 10 வாட் ஆட்டத்துக்கு மட்டும். ராணுவக் கழிவுச் சாமான்களிலும் சோவியத் காலத்து இருப்பிலும் வரும் வேக்கும் கண்டன்சர் கையில் சிக்கினால் அதிர்ஷ்டம்தான். ஆயிரக்கணக்கான வோல்ட் தாங்கும், இழப்பு மிகக் குறைவு. ஆனால் ஒரு கோடியிலிருந்து மறு கோடிக்குப் போகப் பல சுற்றுகள் திருப்ப வேண்டும். பேண்ட் மாற்றும் ஒவ்வொரு முறையும் அந்த வேலை.

காயிலுக்கு இரண்டு வழி. ரோலர் இண்டக்டர் என்றால் நினைத்த மதிப்பை நிறுத்தலாம். ஆனால் உருளும் சக்கரமும் கம்பியும் தொடும் இடத்தில் களிம்பு பிடிக்கும். கடலோர ஊர்களில் ஒரு மழைக்காலம் போதும், எஸ்.டபிள்யூ.ஆர். முள் நடுங்க ஆரம்பிக்கும். டாப் (நடுநடுவே இணைப்பு) எடுத்த காயிலும் பீங்கான் சுவிட்சும் இந்த விஷயத்தில் உழைப்பாளி. எல்லா பேண்டுக்கும் எந்த டாப் என்று ஒரு சீட்டில் எழுதி மூடியில் ஒட்டிவிட்டால், ஐந்து விநாடியில் பேண்ட் மாற்றலாம். ஒரே ஆன்டெனா, மாறாத கம்பி என்றால் ரோலருக்குச் செலவு செய்வதை நான் பரிந்துரைக்க மாட்டேன். ஆன்டெனாவை அடிக்கடி மாற்றிச் சோதிப்பவருக்கு ரோலர்தான்.

ரிலே பெட்டி

ஆட்டோ ட்யூனர்களில் பெரும்பாலானவற்றைத் திறந்து பார்த்தால் உள்ளே இருப்பது இதே எல் சுற்றுதான். திருப்புவதற்குப் பதில் தட்டித் தட்டிச் சேர்க்கிறார்கள். ஒவ்வொரு காயிலும் முந்தையதைவிட ஏறக்குறைய இரு மடங்கு, ஒவ்வொரு கண்டன்சரும் அப்படியே. ஒவ்வொன்றுக்கும் ஒரு ரிலே. கண்டன்சர் வரிசையை ரேடியோ பக்கமா ஆன்டெனா பக்கமா என்று மாற்ற இன்னொரு ரிலே. திறந்த வடிவமைப்பாக வந்து இன்று சீனக் கிட்டாக எங்கும் விற்கும் ஏடியூ-100-இன் ஏழுக்கு ஏழு வகையை எடுத்துக்கொண்டால், காயிலில் 128 மதிப்பு, கண்டன்சரில் 128, பக்கம் இரண்டு, மொத்தம் 32,768 சேர்க்கை. மைக்ரோகண்ட்ரோலர் இவை அனைத்தையும் முயன்று பார்ப்பதில்லை. பெரிய படியில் தேடி, எஸ்.டபிள்யூ.ஆர். இறங்கும் திசையில் சின்னப் படிக்கு வரும். படபடவென்று ரிலேக்கள் தட்டி ஓரிரு விநாடியில் ஓய்ந்துவிடும்.

இங்கேதான் டி-க்கும் எல்-லுக்கும் இருந்த பழைய கணக்கு மாறிவிட்டது. அந்தக் கிட்டில் உள்ள கண்டன்சர்கள் 10, 22, 47, 100, 220, 470, 1000 பிகோஃபாரட். எல்லாம் சேர்ந்தால் 1869. நாம் 80 மீட்டரில் 10 ஓமுக்குத் தேடிய 1768 இதற்குள் வந்துவிடுகிறது. கையால் திருப்ப முடியாத கண்டன்சரை ஏழு ரிலே செய்துவிட்டது. டி சுற்று எந்தத் தட்டுப்பாட்டைச் சமாளிக்கப் பிரபலமானதோ, அந்தத் தட்டுப்பாடே இன்று இல்லை. புதிதாக ட்யூனர் வாங்குகிறவர் டி-யை எடுக்க, என்னைப் பொறுத்தவரை, மலிவாகப் பழையது கிடைத்தது என்பதைத் தவிரப் பெரிய காரணம் கிடையாது.

குறைகளும் உண்டு. காயில் மொத்தம் எட்டரை மைக்ரோஹென்றி அளவுதான். 3.6 மெகாஹெர்ட்ஸில் அது 190 ஓம் சொச்சம் ரியாக்டன்ஸ். கணக்கின்படி 800 ஓமுக்கு மேல் உள்ள லோடை 80 மீட்டரில் இந்தக் கிட் தொட முடியாது. 7 மெகாஹெர்ட்ஸில் 2900 வரை எட்டும். ஆனால் எட்டுவது வேறு, தாங்குவது வேறு. 100 வாட்டில் 700 வோல்ட் உச்சம் அந்தச் சின்ன ரிலேக்களின் திறந்த முனைகளிலும் கண்டன்சர்களிலும் நிற்கும். 1000 வோல்ட் தரம் உள்ள நல்ல கண்டன்சர் போட்டிருந்தால் சமாளிக்கும். கிட்டோடு வருவது எது என்பதில் எப்போதும் உறுதி இருக்காது. கண்டன்சரை மட்டும் தனியாக நல்லதாக வாங்கிப் போடுவது பணத்துக்கு ஏற்ற வேலை. இரும்புத்தூள் டொராய்டு (வளையக் கரு) காயில்கள் ஸ்பீச்சுக்குச் சூடாகாது. எஃப்டி8 மாதிரி, ஒவ்வொரு முறையும் ஏறக்குறைய 13 விநாடி முழு பவரில் இடைவிடாமல் அடிக்கும் கணினி வழி முறைகளில் கை வைக்க முடியாத அளவு சூடேறும். அங்கே 100 வாட் பெட்டியை 40 வாட் பெட்டியாக நினைத்துக்கொள்வது நல்லது. பிறகு, முழு பவரில் டியூன் பட்டனை அழுத்தவே கூடாது. ரிலே முனைகள் பவர் ஓடும்போது திறந்து மூடினால் பொறியில் கருகும். 10 வாட் போதும்.

அறையிலா, மாடியிலா

அறையில் வைக்கும் ஆட்டோ ட்யூனரும் கேபிளின் பசியை மாற்றாது என்பதை மேலே பார்த்தோம். ஆகவே நம் 20 மீட்டர் கம்பிக்கு ரிலே ட்யூனரை மாடியில், கம்பியின் அடியிலேயே வைப்பதுதான் பொருத்தமான ஏற்பாடு. ஐகாமின் ஏஎச்-4 போன்றவை இதற்காகவே வந்தவை. 7 மீட்டருக்குக் குறையாத கம்பியை 3.5 மெகாஹெர்ட்ஸிலிருந்து ஓட்டும். சீனத் தயாரிப்பான சிஜி-3000 போன்றவை இன்னும் கொஞ்சம் பவர் தாங்கும். சொந்தமாகக் கட்டினால் ஏடியூ-100-ஐ ஒரு வாட்டர்புரூஃப் பெட்டியில் போட்டு, 12 வோல்ட்டைக் கேபிள் வழியாகவே மேலே அனுப்பலாம்.

கம்பியின் நீளத்தைக் கொஞ்சம் மாற்றினால் ட்யூனருக்குப் பெரிய நிம்மதி. சரியாக 20 மீட்டர் என்றால் 40, 20, 15, 10 மீட்டர் பேண்டுகள் எல்லாவற்றிலும் அரை அலையின் மடங்காக வந்து முனையில் ஆயிரக்கணக்கான ஓம் நிற்கும். 16 மீட்டருக்குப் பக்கத்தில் வெட்டினால் எந்த முக்கிய பேண்டிலும் உச்சிக்குப் போகாது. வோல்டேஜ் குறையும், ரிலே பிழைக்கும். இதோடு எதிர்க்கம்பி அவசியம். மொட்டை மாடித் தரையில் நான்கைந்து கம்பிகளை விரித்துவிட்டால் போதும். அது இல்லாமல் விட்டால் கேபிளின் மேலுறையே எதிர்க்கம்பியாகி, மைக்கைத் தொட்டால் உதட்டில் சுருக்கென்று கடிக்கும்.

மாடியில் வைப்பதன் நிஜமான எதிரிகள் சுற்றுப்படத்தில் இருக்காது. சித்திரை வெயிலில் மூடிய பெட்டிக்குள் வெப்பம் ஏறும். மழைக்காலத்தில் உள்ளே ஈரம் பூக்கும். ரிலேயின் கதகதப்புக்கு எறும்பு வரும், எறும்புக்குப் பல்லி வரும். 700 வோல்ட் நிற்கும் இடத்தில் பல்லி குறுக்கே படுத்தால் என்ன ஆகும் என்று விவரிக்க வேண்டியதில்லை. கேபிள் நுழையும் ஓட்டையை முழுக்க அடைத்து, பெட்டியின் அடிப்பக்கம் மட்டும் ஒரு சின்ன ஓட்டை விட்டு, அதற்கு மெல்லிய வலை ஒட்டிவிட்டால் நீர் வடியும், பூச்சி வராது. பெட்டி வெள்ளை நிறமாக, தொட்டியின் நிழலில் இருப்பது நல்லது. இடி மின்னல் நாட்களில் கம்பியை ட்யூனரிலிருந்து கழற்றித் தரையில் சேர்க்க ஒரு வழி வேண்டும். மாடிக்கு ஓடிக் கழற்றச் சோம்பல்படுபவர் என்றால், இந்த ஏற்பாட்டை எடுக்க வேண்டாம் என்றே சொல்வேன்.

மாடியில் மின்னணுப் பெட்டியே வேண்டாம் என்பவருக்கு இன்னொரு வழி, ஓபன் லைன். இரண்டு கம்பிகளுக்கு இடையே பிவிசி குழாய்த் துண்டுகளைக் குறுக்கே கட்டி வீட்டிலேயே செய்துவிடலாம். எஸ்.டபிள்யூ.ஆர். 10 இருந்தாலும் இதில் இழப்பு அற்பம். அப்போது அறையில் வேண்டியது இரண்டு பக்கமும் சமமான ட்யூனர். ஜான்சன் மேட்ச்பாக்ஸ் போன்ற பழைய லிங்க் கப்ளிங் ட்யூனர்கள் இதற்கு இன்றும் மிகச் சிறந்தவை. ஒரு காயிலிலிருந்து இன்னொன்றுக்குக் காந்தப் புலம் வழியாகவே பவர் போவதால், சமநிலையும் கிடைக்கும், நேர்த்தொடர்பும் இருக்காது. கையில் ஒரு எல் ட்யூனர்தான் இருக்கிறது என்றால், அதன் ஆன்டெனா பக்கம் நல்ல கரண்ட் பாலன் (இரண்டு கம்பியிலும் கரண்டைச் சமமாக்கும் பாகம்) ஒன்றைப் போட்டு ஓட்டலாம், கொஞ்சம் சமரசத்தோடு. ஓபன் லைனை ஜன்னல் கிரில்லையும் தண்ணீர்க் குழாயையும் தொடாமல் கீழே கொண்டுவருவதுதான் கஷ்டம். அடுக்குமாடிக் குடியிருப்பில் பெரும்பாலும் முடியாது. தனி வீட்டுக்காரருக்கு இதைவிட நல்ல வழி இல்லை.

பை (π) வடிவச் சுற்றைப் பற்றி யாராவது கேட்பார்கள்: தொடரில் ஒரு காயில், அதன் இரண்டு பக்கமும் தரைக்கு ஒரு கண்டன்சர். வால்வ் காலத்து ரேடியோக்களில் பிளேட், லோட் என்று இரண்டு குமிழ் இருந்ததே, அது பை. ஆயிரக்கணக்கான ஓம் உள்ள வால்வின் பிளேட்டை 50 ஓமுக்குக் கொண்டுவர அது அருமையான சுற்று, ஹார்மோனிக்கையும் வடிகட்டும். அந்த ரேடியோ வைத்திருப்பவருக்குப் பாதி ட்யூனர் ஏற்கெனவே உள்ளேயே இருக்கிறது. டிரான்சிஸ்டர் ரேடியோவுக்கு வெளியே தனியாக பை கட்டுவதில் கூடுதல் கண்டன்சர் செலவைத் தவிரப் பெரிய லாபம் இல்லை. ரிலேவுக்குப் பதில் மின்னணுச் சுவிட்சாக PIN டயோடு கொண்டு நொடிக்குள் பலமுறை மாற்றும் ட்யூனர்கள் அலைவரிசை தாவும் ராணுவ ரேடியோக்களுக்கு. ரிலே தட்டி முடிப்பதற்குள் அவர்கள் அடுத்த அலைவரிசைக்குப் போயிருப்பார்கள். டயோடை அணைத்து வைக்கவே நூற்றுக்கணக்கான வோல்ட் தேவைப்படும் அந்த உலகம் நமக்கு வேண்டாம். வோல்டேஜால் மாறும் கண்டன்சர் போன்ற வேராக்டர் டயோடு ரிசீவர் பக்கத்துக்கு மட்டும். 100 வாட்டில் அதுவே ஹார்மோனிக் தொழிற்சாலை ஆகிவிடும்.

சரி, யாருக்கு எது? 40, 20 மீட்டர் இரண்டு பேண்ட் மட்டும் போதும், தனித்தனி டைபோல் கட்ட இடம் இருக்கிறது என்றால் தனி ட்யூனரே வேண்டாம். ரேடியோவுக்குள் இருப்பதே போதும், மிச்சப் பணத்தில் ஆர்ஜி-58-ஐக் கழற்றிவிட்டு இழப்பு குறைந்த ஆர்ஜி-213 போடலாம். ஒரே கம்பி, எல்லா பேண்ட், மாடிக்குப் போய்வர வழி உண்டு என்றால், மாடியில் ரிலே எல். தனி வீடு, ஓபன் லைன் இழுக்க முடியும் என்றால், அறையில் லிங்க் கப்ளிங். வீட்டில் ஏற்கெனவே டி ட்யூனர் இருக்கிறது என்றால் விற்க வேண்டாம், ஆன்டெனா பக்கக் கண்டன்சரை முடிந்த அளவு மூடி வைத்து ஓட்டுங்கள், 80 மீட்டரில் மட்டும் சந்தேகத்தோடு.

ஐதராபாத்தின் அஷ்ஹர் ஃபர்ஹான் வடிவமைத்த பிட்எக்ஸ் வகை ரேடியோக்களை வைத்து 5, 10 வாட்டில் பேசுகிறவர்களுக்கு மேலே சொன்ன எதுவும் முழுதாகப் பொருந்தாது. 5 வாட்டில் அரை அலைக் கம்பியின் முனையில் 160 வோல்ட் உச்சத்துக்கும் குறைவுதான். ஒரு பிவிசி கேங், ஒரு சின்ன டொராய்டு, சோப்பு டப்பா அளவில் ஒரு எல் ட்யூனர், முடிந்தது. ஆனால் மியூபிட்எக்ஸ் போன்றவற்றில் எஸ்.டபிள்யூ.ஆர். பார்த்துப் பவரைக் குறைக்கும் பாதுகாப்புச் சுற்று கிடையாது. அதனால் ட்யூனரோடு மூன்று 50 ஓம் ரெசிஸ்டரும் ஒரு எல்.ஈ.டி.யும் சேர்ந்த பிரிட்ஜ் ஒன்றைக் கட்டிக்கொள்ள வேண்டும். டியூன் செய்யும்போது ஆன்டெனா அறுந்தே கிடந்தாலும் ரேடியோவுக்கு எஸ்.டபிள்யூ.ஆர். 2-க்கு மேல் தெரியாது. எல்.ஈ.டி. அணையும் வரை கேங்கைத் திருப்பி, பிறகு பிரிட்ஜை விலக்கும் சுவிட்சைத் தள்ள வேண்டும். தள்ள மறந்தால் 5 வாட்டில் கால்வாசிதான் ஆன்டெனாவுக்குப் போகும்.